ஸ்டெம்பலுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1950களின் அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினா மோசடிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், போட்டியில் வென்ற சார்லஸ் வான் டோரனுக்கு ஒன்றரைப் பக்கம். ஹெர்பர்ட் ஸ்டெம்பலுக்கு ஒரே வரி: தோற்ற ஆத்திரத்தில் குட்டை உடைத்தவராம். முப்பது வருடம் பள்ளிகளில் வினாடி வினா நடத்தியவன் நான். அந்த ஒரு வரி உறுத்தியது.

அவர் எப்படித் தோற்றார் என்பதைக் கட்டுரையாளர் சொல்லவேயில்லை. 1956இல் என்பிசி தொலைக்காட்சியின் 'ட்வென்ட்டி ஒன்' வினாடி வினா நிகழ்ச்சிக்கு வந்தபோது ஸ்டெம்பல், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து நியூயார்க் சிட்டி காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் டான் என்ரைட் அவருக்குக் கேள்வி பதிலோடு வேஷத்தையும் கொடுத்தார். பொருந்தாத பழைய கோட்டு, ஒட்ட வெட்டிய முடி, டிக் டிக்கென்று சத்தம் போடும் மலிவு வாட்ச். போட்டியாளர் நிற்கும் கண்ணாடி அறைக்குள் ஏசியை நிறுத்திவிடுவார்கள். வழிகிற வேர்வையைத் துடைக்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். அதற்கும் ஒத்திகை உண்டு.

பிறகு அவருக்கு எதிராகக் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் வான் டோரனை இறக்கினார்கள். டிசம்பர் 5ஆம் தேதி ஸ்டெம்பலிடம் 1955இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்று கேட்டார்கள். விடை 'மார்ட்டி'. அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவர் அவர். வேறு படத்தைச் சொல்லச் சொல்லியிருந்தார்கள், சொன்னார். 49,500 டாலரோடு வெளியே போனார்.

மறு வருடம் அவர் பத்திரிகைகளிடம் உண்மையைச் சொன்னபோது, அவதூறு வழக்கு வருமென்று பயந்து யாரும் அச்சில் ஏற்றவில்லை. 1958இல் விஷயம் வெளியே வந்ததும் என்ரைட் நிருபர்களைக் கூட்டி, ஸ்டெம்பலோடு பேசியதைத் தான் ரகசியமாகப் பதிவு செய்த டேப்பைப் போட்டுக் காட்டினார். பணம் பறிக்கப் பார்க்கிறான், புத்தி சரியில்லாதவன் என்று பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். ஜேம்ஸ் ஸ்நாட்கிராஸ் என்ற இன்னொரு போட்டியாளர், கொடுத்த கேள்விகளையும் விடைகளையும் முன்கூட்டியே எழுதித் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பிவைத்திருந்தார். பிரிக்காத அந்த உறையை 1959இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு பிரித்தார்கள். தபால் முத்திரையை மனநோயாளி என்று சொல்ல முடியாதல்லவா!

ஸ்டெம்பல் உத்தமர் என்று நான் வாதாடவில்லை. விடையை வாங்கினார், பணத்தையும் வாங்கினார். வேலை தருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபமும் இருந்தது. ஆனால் நியூயார்க்கில் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடர ஆதாரம் உண்டா என்று விசாரிக்கும் குடிமக்கள் குழு) முன் சாட்சி சொன்ன சுமார் 150 பேரில் பெரும்பாலோர் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார்களே, அவர்களெல்லாம் கோபமில்லாத கண்ணியவான்கள்தானே?

இதை இவ்வளவு சூடாக எழுதுவதற்கு என் பக்கம் ஒரு காரணம் உண்டு. மாவட்ட அளவிலான போட்டி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பையன் என்னிடம் வந்து, "சார், அந்த டீமுக்குக் கேள்வி முன்னாடியே தெரியும் சார்" என்றான். "தோத்த வயித்தெரிச்சல்ல பேசாதடா, போ" என்று அனுப்பிவிட்டேன். அவன் சொன்னது நிஜம் என்று இரண்டு வருடம் கழித்து ஒரு சக ஆசிரியர் மூலம் தெரிந்தது. அதற்குள் அவன் வினாடி வினா பக்கமே வருவதை விட்டுவிட்டான்.

என்ரைட்டும் தொகுப்பாளர் ஜேக் பேரியும் எழுபதுகளில் மறுபடி போட்டி நிகழ்ச்சிகளோடு தொலைக்காட்சிக்குத் திரும்பிவிட்டார்கள். வான் டோரனுக்கு என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் வேலை கிடைத்தது. ஸ்டெம்பல் பள்ளியில் பாடம் நடத்தினார், பிறகு நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தார். 2020 ஏப்ரலில், 93 வயதில் காலமானார்.

அடுத்த இதழில் திருத்தம் போட இடமிருந்தால், 'தோற்ற' என்பதைத் 'தோற்கச் சொல்லப்பட்ட' என்று மாற்றிப் போடுங்கள். இரண்டு சொல்தான்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி.