கைராசிக்காரனுக்கு ஒரு கடிதம்

தம்பி,

உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு வரி படித்ததும் உனக்கே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பேன், ஆனால் இரண்டு வாரமாக நீ என் செய்தி எதையும் திறக்கவில்லை. அப்புறம், போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிற பிள்ளை இந்தப் பினாங்கில் நம் வீட்டில் மட்டும் இல்லை. மற்ற வீட்டு அத்தைகளும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் தடவை ராத்திரி பதினோரு மணிக்குப் பிறையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாய். மோட்டார் சைக்கிள் ரிப்பேர், 800 மலேசிய வெள்ளி வேண்டும் என்றாய். கொடுத்தேன். இரண்டாம் தடவை வந்தபோது எதற்கு என்று கேட்டேன். நீ மறைக்கவில்லை, போனைத் திறந்து நீ காசு கட்டி ஆடும் சூதாட்டத்தையே காட்டினாய். திரையின் ஓரத்தில் விரிசல். வரிசையாக மூன்று கட்டத்தில் ஒரே படம் வந்து நின்றது. நாலாவது படம் ஒரு கட்டம் கீழே இறங்கி நின்றுவிட்டது. "பாத்தீங்களா அத்தை, ஒரு கட்டம்தான்" என்றாய். சொல்லி முடிப்பதற்குள் உன் கட்டைவிரல் மறுபடியும் அழுத்திவிட்டது. நீ என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாய். விரல் அது பாட்டுக்கு அழுத்தியது.

அந்த 'ஒரு கட்டம்தான்' எனக்குப் பழகிய பேச்சு. நாலு இலக்க லாட்டரிச் சீட்டு விற்கும் நம்பர் கடைக் கவுண்டரில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். 4312 எழுதியவருக்கு 4313 விழுந்தால் அவர் தோற்றதாகவே நினைக்க மாட்டார். "கிட்ட வந்துடுச்சு" என்பார். அடுத்த வாரம் இரண்டு மடங்காக எழுதுவார். குலுக்குகிற பந்துக்கு 4313ம் ஒன்றுதான், 9870ம் ஒன்றுதான். கிட்ட, தூரம் எல்லாம் நம் மனசுக்குள் இருப்பது. 2009ல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் இதை மூளை ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். நூலிழையில் தவறும்போது ஆடுகிறவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசை கூடியது. ஜெயிக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகளில் சில அப்போதும் வேலை செய்தன. உன் விரல் உன்னைக் கேட்காமல் அழுத்தியது ஏன் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் படங்கள் சுற்றுவது வெறும் காட்சி, தம்பி. நீ அழுத்திய நொடியிலேயே முடிவு வந்துவிடுகிறது. கெந்திங் மலையில் 1971லிருந்து இருக்கும் காசினோவாவது அரசாங்க லைசென்ஸில் நடக்கிறது. உன் போனில் இருப்பதை யார் சோதிக்கிறார்கள்? ஏஜென்ட் யார் என்றுகூட உனக்குத் தெரியாது. அவன் போன் நம்பர் மாதத்துக்கு ஒரு தடவை மாறுகிறது என்று நீயே சொன்னாய்.

சட்டப்படி நடக்கும் நம்பரின் கணக்கையே பார். கடையில் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் சீட்டின் பின்பக்கம் இதைப் போட்டுப் பார்த்தேன். 0000லிருந்து 9999 வரை 10,000 நம்பர். எல்லாவற்றிலும் 'பிக்' என்ற பந்தய வகையில் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் 10,000 வெள்ளி. முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. ஸ்பெஷல் பத்து நம்பருக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்துக்குத் தலா 60. கூட்டினால் 6,400. மொத்த நம்பரையும் வாங்கினாலும் 3,600 வெள்ளி போய்விடும். அன்று சாயந்திரமும் கவுண்டரில் உட்கார்ந்து புன்னகையோடு சீட்டு கொடுத்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

ஆனால் அந்தக் கடையில் ஒரு நல்லது இருந்தது. குலுக்கல் புதன், சனி, ஞாயிறு மட்டும்தான், எப்போதாவது செவ்வாயில் ஒரு ஸ்பெஷல். நடுவில் மனுஷனுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். வீட்டுக்குப் போய் அரிசி வாங்கினோமா, பால் வாங்கினோமா என்று பார்ப்பான். கடைக்கு ஒரு கதவும் இருந்தது, ராத்திரி இழுத்து மூடுவோம். உன் போனில் நாலு நொடிக்கு ஒரு குலுக்கல். கழிவறையிலும் உண்டு, சிக்னலில் மோட்டார் நிற்கும்போதும் உண்டு.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

உனக்கு ஆறு வயது. பாட்டி உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "ராசா, உன் வாயால ஒரு நம்பர் சொல்லு" என்றாள். குழந்தை வாயில் வருவது பலிக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. நீ சொன்னது ஆறுதல் பரிசில் விழுந்தது. பாட்டி இரண்டு வெள்ளி எழுதியிருந்தாள், 120 வெள்ளி கிடைத்தது. உனக்குப் பச்சை நிறத்தில் ரிமோட் கார் வந்தது. அன்றைக்கு நீ கைராசிக்காரன் ஆனாய். அதற்குப் பிறகு எத்தனை புதன், எத்தனை சனி உன்னை உட்கார வைத்து நம்பர் கேட்டிருப்போம்! நானும் கேட்டேன். நம் குடியிருப்பு முனையில் கார் மோதி ஒருவர் இறந்த அன்று, சீட்டில் எழுத அந்தக் காரின் பிளேட் நம்பரைப் பார்த்து வர உன்னை அனுப்பியது உன் அப்பா, என் அண்ணன். நீ சொன்ன மற்ற நம்பர்களில் ஒன்றுகூட விழவில்லை. அதை யாரும் எண்ணி வைக்கவில்லை. விழுந்த ஒன்றை மட்டும் பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"எனக்கு வரும் அத்தை, எனக்குத் தெரியும்" என்று நீ சொன்னபோது உன் மேல் கோபம் வரவில்லை. அது எங்கள் பேச்சு. உன் வாயிலிருந்து வந்தது.

பேராசைப்பட்டு ஆடுகிறான் என்று உன் சித்தப்பா சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் அது. பாயான் லெப்பாஸில் ரூம் வாடகை, மோட்டார் தவணை, அம்மாவுக்கு 300. ஓவர்டைம் செய்தாலும் வீட்டு முன்பணத்துக்கு எத்தனை வருஷம் என்று நீ கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாய். அந்தக் கணக்கு முடியாத ராத்திரியில்தான் நண்பர்கள் குரூப்பில் ஒருவன் 3,000 வெள்ளி எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டைப் போடுகிறான். விட்டதை எவனும் போடுவதில்லை. நீ 30 வெள்ளி போட்டாய், 210 வந்தது. அந்த முதல் காசில் அம்மாவுக்குப் புடவை வாங்கினாய். கொடுக்கிற கையாக இருக்க வேண்டும் என்றுதான் நீ ஆரம்பித்தாய். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

இப்போது நீ ஆடுவது வேறு காரணத்துக்கு. அம்மா கூட்டுச் சீட்டு கட்டிச் சேர்த்த காசில் எடுத்ததை அவளுக்குத் தெரிவதற்குள் திரும்ப வைக்க வேண்டும். கள்ள வட்டிக்காரன் ஆலோங்கிடம் அடையாள அட்டைப் படத்தையும் வீட்டு முகவரியையும் கொடுத்திருக்கிறாய், அவன் மிரட்டி வாசலில் சிவப்புப் பெயின்ட் ஊற்ற வருவதற்குள் கட்ட வேண்டும். ஒரே அடியில் எல்லாம் சரியாகிவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று பார்க்கிறாய். தெரிந்துவிட்டது, தம்பி. அம்மாவுக்கு நேற்றே தெரியும். அவள் அழுதாள், அப்புறம் நீ சாப்பிட்டாயா என்று கேட்டாள். இனி யாருக்காகவும் ஒளிக்க வேண்டியதில்லை.

இது ஒழுக்கக்கேடு என்று யார் சொன்னாலும் காதில் போடாதே. 2013லேயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் சூதாட்டத்தைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்துவிட்டார்கள். மருத்துவம் இருக்கிறது. இருபத்து மூன்று வயதில் மூளையின் கடிவாளப் பகுதி முழுதாக முற்றுவதுகூட இல்லை.

பேங்க் கடனுக்கு, நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு ஏகேபிகே இருக்கிறது. ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஆலோங் விஷயம் வேறு. லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவது 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அவன் செய்த குற்றம். மிரட்டினால் போலீஸில் ரிப்போர்ட் கொடுப்போம், நான் கூட வருகிறேன். ராத்திரியில் தனியாகத் தாங்க முடியாவிட்டால், மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்புக்குப் போன் செய். இல்லை, என்னைக் கூப்பிடு. எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

இனி உன் கையில் காசு தர மாட்டேன். அந்த 800ஐக் கொடுத்தது என் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பட்டர்வொர்த் ஃபெர்ரி துறையில் நிற்பேன். மோட்டாரோடு ஏறி வா. பாகான் டாலாமில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். போட்டது, எடுத்தது, கடன் வாங்கியது எல்லாவற்றையும் தேதியோடு எழுதுவோம். ஞாபகம் இல்லாததை பேங்க் ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவும் வருகிறாள்.

உன் அத்தை