செருப்பை மடியில் வைத்திருந்த பிள்ளை

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முட்டி வலிக்கு எண்ணெய் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதே. இனி நாளெல்லாம் அவனோடு தரையில்தானே உட்கார வேண்டும்!

கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தாயே, "அகதி முகாமில் மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்கடி பாலர் வகுப்பு? முதலில் சோறும் கூரையும் வேண்டாமா?" என்று. வங்கதேசத்தில் அகதி முகாம்கள் இருக்கும் காக்ஸ் பஜாருக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரின் ரக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கதேசத்துக்குள் வந்தார்கள். நான் போனது 2019இல். குதுபாலாங் முகாமின் மேடுகளில் கண்ணுக்கெட்டிய தூரம் மூங்கிலும் தார்பாயும்தான். நிலையான கட்டடத்துக்கு அரசு அனுமதி இல்லாததால் பிள்ளைகளின் கூடமும் மூங்கில்தான். பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் நடத்தும் விளையாட்டுக் கூடம் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். பாய் விரித்த தரை, சுவரெல்லாம் வண்ணப் பூக்கள், துணியில் தைத்த பொம்மைகள். பார்த்துக்கொள்பவர்களும் முகாமில் வாழும் ரோஹிங்கியாப் பெண்கள்தான்.

நான்கு வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை. எல்லோரும் செருப்பை வாசலில் விட்டு வருவார்கள், இவள் மட்டும் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். நானாக இருந்தால் "வெளியே வை கண்ணு" என்று சொல்லியிருப்பேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒன்றுமே சொல்லவில்லை. போய்த் தன் செருப்பை எடுத்துவந்து, அவளுக்குப் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். தினமும் அப்படியே. மூன்றாவது வாரம் அந்தப் பிள்ளை செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஓடிவந்து கைதட்டினாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன், அழுகை வந்துவிட்டது.

பாட்டு என்றேனே, அதைக் கப்யா என்கிறார்கள். பாட்டிமார்கள் பாடிய சின்னச் சின்னச் சந்தப் பாட்டு. நாம் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து "இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு" என்று கிச்சுகிச்சு மூட்டுவோமே, அந்த மாதிரிதான். அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய சொத்து தெரியுமா? மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் மியான்மர் பாடத்திட்டத்தில் பர்மிய மொழியில் படிக்க வேண்டும். வீட்டில் யாரும் பேசாத மொழி அது. தாய் பேசும் பேச்சிலேயே உலகத்தைத் தெரிந்துகொள்ளக் கிடைப்பது இந்த இரண்டு மூன்று வருடம்தான். இன்று அந்தக் கூடங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முகாமிலேயே பிறந்தவர்கள். ரக்கைனின் வயலும் ஆறும் அவர்களுக்குக் கப்யாவில் கேட்டதுதான்.

சோறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயந்துபோன பிள்ளைக்குச் சோறும் இறங்காது. நம் பால்வாடியில் நாற்பது வருடம் அதைத்தானே பார்த்தோம்!

2025 ஜூனில் நிதி வற்றியதால் யுனிசெஃப் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வங்கதேச ஆசிரியர்களை வேலையிலிருந்து நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்கள் பாடம் எடுத்தது பாலர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை. பணம் குறைந்தால் முதலில் சின்னதுகளின் வகுப்பில்தான் கை வைக்கிறார்கள். எனக்கு ஆறவே இல்லை. அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தில் ரக்கைன் சண்டைக்குத் தப்பிச் சுமார் ஒன்றரை லட்சம் பேர் புதிதாக வந்திருந்தார்கள். செருப்பை மடியில் வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இன்னும் எத்தனை பேரோ.

அந்த அக்கா இப்போதும் வாட்ஸ்அப்பில் பேசுவாள். பொம்மைகளெல்லாம் கிழிந்துவிட்டதாம், கிழிசல் துணி கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறாளாம். பழைய புடவையில் யானை தைப்பாயே, அதன் அளவைத் தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு. தும்பிக்கையை எப்படித் திருப்பித் தைப்பது என்பதையும் எழுது. எனக்கு அது மறந்துவிட்டது.

அன்புடன்,
உன் தோழி