எதிர்மறை வலுவூட்டல் தண்டனை இல்லை, மகளே

அன்பு மகளுக்கு,

உளவியல் கலைச்சொற்களை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் மறுநாளே ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று எழுதியிருந்தாய். இதில் ஆச்சரியமே இல்லை. எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விட்டது. புரியாமல் உருப்போட்ட வரையறையும் பொருளற்ற அசை மாதிரிதான்.

ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு இதே பாடத்தை நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: வரையறையைக் கொஞ்சம் ஒதுக்கி வை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் யார், எதை, எப்படிச் சோதித்தார்கள் என்று பார்.

புலனுணர்வு, புலன்காட்சி இரண்டும் குழப்புகின்றன என்றாயே, அதற்கு முல்லர்-லயர் கோடுகள் போதும். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளியே விரிந்திருக்கும். விரிந்தது நீளமாகத் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்து சமம் என்று உறுதி செய்த பிறகும் அப்படித்தான் தெரியும். கண்ணில் விழும் ஒளியை நரம்புகள் பதிவு செய்வது புலனுணர்வு. அதை மூளை 'இது நீளம்' என்று பொருள்படுத்துவது புலன்காட்சி. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம்: எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும். ஆக்கநிலையிறுத்தலில், அதாவது அனுபவத்தால் ஒரு நடத்தை பழகிப்போவதில், ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் பகுதி உனக்குத் தெரியும்: உணவோடு சேர்ந்து வந்த ஒலி, பிறகு தனியாக வந்தாலே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும். அங்கே நாய் எதையும் செய்து சம்பாதிக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் பெட்டியில் எலி நெம்புகோலை அழுத்த வேண்டும், அப்புறம்தான் உணவு. செயலுக்குப் பின் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

பின்விளைவால் ஒரு செயல் அதிகமானால் அது வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. நேர்மறை என்றால் ஏதோ ஒன்று சேர்க்கப்படுகிறது, எதிர்மறை என்றால் ஏதோ ஒன்று நீக்கப்படுகிறது. நல்லது கெட்டது என்ற பேச்சே இங்கே கிடையாது. கணக்கில் வரும் கூட்டல், கழித்தல் குறி என்று நினைத்துக்கொள். எலி நெம்புகோலை அழுத்தினால் மின்னதிர்ச்சி நிற்கிறது, அதனால் மறுபடி அழுத்துகிறது. தொல்லை நீங்கியது, செயல் கூடியது. இதுதான் எதிர்மறை வலுவூட்டல். காரில் சீட் பெல்ட் போடும்வரை கத்தும் ஒலியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

குழந்தை கடையில் மிட்டாய் கேட்டு அழுகிறது, தாய் வாங்கிக் கொடுக்கிறாள், அழுகை நிற்கிறது என்று வைத்துக்கொள். குழந்தைக்குக் கிடைத்தது நேர்மறை வலுவூட்டல். அடுத்த முறையும் அழும். தாய்க்குக் கிடைத்தது எதிர்மறை வலுவூட்டல். சத்தம் ஓய்ந்ததே, அடுத்த முறையும் வாங்கிக் கொடுப்பாள். யார் யாரைப் பழக்குகிறார்கள் என்று சொல் பார்க்கலாம்! தேர்வில் இந்த எடுத்துக்காட்டை எழுது, எனக்குப் பிடித்தது.

உன் விஷயத்துக்கும் இது பொருந்தும், கோபித்துக்கொள்ளாதே. புள்ளியியல் புத்தகத்தைத் திறந்தால் பதற்றம், மூடினால் நிம்மதி என்றாய். அந்த நிம்மதிதான் புத்தகத்தை மூடும் பழக்கத்தை வளர்க்கிறது. பயங்கள் பல ஆண்டுகள் நீடிப்பதற்கு இந்தத் தவிர்த்தல் ஒரு முக்கியக் காரணம். சோம்பேறி என்று உன்னை நீயே திட்டிக்கொள்வதால் ஒன்றும் ஆகாது. பதற்றம் இருக்கும்போதே பத்து நிமிடம் உட்கார்ந்து பார், அது தானாகக் கொஞ்சம் இறங்குவது தெரியும்.

அறைத்தோழி திமிர் பிடித்தவள் என்று எழுதியிருந்தாயே, அதற்கும் உன் பாடத்தில் ஒரு பெயர் உண்டு: அடிப்படைக் காரணங்காட்டல் பிழை. 1967-இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உண்மையிலேயே ஆதரவாளராக இருப்பார் என்றே படித்தவர்கள் சாய்ந்தார்கள். சூழ்நிலையை விட்டுவிட்டு ஆளின் குணத்தைப் பிடித்துக்கொள்வது நம் வழக்கம். பிழைக்கு இந்தப் பெயரை உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் வைத்தார். அவள் பதில் சொல்லாமல் போன அன்று அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்டாயா?

குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளுக்குத் தனிக் கடிதம் வேண்டும், அவரை இரண்டு வரியில் அடக்க முடியாது. அதற்குள் தூண்டல் (உயிரைத் தூண்டுவது), துலங்கல் (அதற்கு உயிர் காட்டும் எதிர்வினை) இரண்டையும் பாவ்லோவ் சோதனையில் நீயே அடையாளம் கண்டு எழுதி அனுப்பு. திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா