சிகிச்சை வழிகாட்டுதல் எழுதுவோருக்கு ஒரு வார்டு டாக்டரின் மடல்

நிமோனியா சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வகுக்கும் வல்லுநர் குழுவினருக்கு வணக்கம்.

கொரோனா நாட்களில் நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு தாளையும் நர்ஸ் மேசைக்கு மேலே ஒட்டினோம். பழையதைக் கிழிக்க நேரமில்லை, அதன்மேலேயே புதியது. அடிக்கடி மாறியதில் எனக்குக் குறையில்லை. 2020 ஜனவரியில் ஸ்டீராய்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது உலக சுகாதார நிறுவனம். ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டை தினம் 6 மில்லிகிராம் கொடுத்தால் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. ஆதாரம் வந்தால் மாறத்தானே வேண்டும்?

என் குறை வேறு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பலனில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அந்தப் பாதி எங்கள் காதில் ஏறவில்லை. ஆக்சிஜன் அளவு 97 இருந்தவருக்குக் காய்ச்சலின் மூன்றாம் நாளே ஸ்டீராய்டு எழுதிய சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல, பயந்தவர்கள். மருந்து கொடுத்தும் நோயாளி போய்விட்டால் விதி. கொடுக்காமல் போய்விட்டால் டாக்டர் கைவிட்டார். வாசலில் நிற்கும் உறவினர்களின் கணக்கு அதுதான்.

நானும் விலக்கல்ல. இரவு இரண்டு மணி, எக்ஸ்ரேயில் இருபக்கமும் வெள்ளை. வைரஸா பாக்டீரியாவா என்று படம் சொல்லாது. பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்கு இரண்டு நாளாகும். ஆன்டிபயாடிக் தொடங்கினேன். அது தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று தெரிந்த பிறகும், மற்ற அறிகுறிகளும் பாக்டீரியாவைக் காட்டாதபோதும், ஏழு நாள் ஓட்டியதுதான் தப்பு. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் சுமார் 8 சதவீதம் பேருக்கே பாக்டீரியா தொற்றும் இருந்தது, ஆன்டிபயாடிக் பெற்றவர்களோ ஏறக்குறைய 75 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொன்னது. படித்ததும் என் கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது.

எப்போது தொடங்குவது என்று பத்தி பத்தியாக எழுதுகிறீர்கள். எப்போது நிறுத்துவது என்பது அடிக்குறிப்பில் கிடக்கிறது. இன்னொன்று: 'மருத்துவரின் முடிவுக்கு விடப்படுகிறது' என்கிறீர்களே, நோயாளிக்கு நோயாளி மாறும் என்பதாலா, ஆதாரமே இல்லை என்பதாலா? ஆதாரம் இல்லையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, அந்த நோயாளியை ஆய்வில் சேர்க்க வழி காட்டுங்கள். ரெகவரி எங்களைப் போன்ற வார்டு டாக்டர்களை வைத்துத்தான் மூன்றே மாதத்தில் ஸ்டீராய்டு கேள்விக்கு விடை கண்டது.

அடுத்த தாளில், யாருக்கு எது வேண்டாம், எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள், பெரிய எழுத்தில். வாசலில் நிற்பவர்களிடம் காட்ட எனக்கு அந்தப் பக்கம் வேண்டும்.

இப்படிக்கு,
பொது மருத்துவ வார்டு டாக்டர் ஒருவர்