ஏழு மணிக்கு மூடும் கதவு

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம்.

அமெரிக்காவில் கட்சியின் அதிபர் வேட்பாளரை முடிவு செய்ய, அக்கம்பக்கத்தார் ஒரே அறையில் கூடிப் பேசி ஆளைத் தேர்ந்தெடுக்கும் அயோவா மாநில முறைதான் சரி, சாதாரணத் தேர்தல் போலச் சீட்டில் ரகசியமாக வாக்களிக்கும் பிரைமரி என்பது பணமும் விளம்பரமும் ஜெயிக்கும் இடம் என்று எழுதியிருந்தாய். பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறு பாதிக்காகத்தான் இந்த நீண்ட பதில்.

அந்த அறையில் என்ன நடக்கும் என்று முதலில் பார்ப்போம். நீ சொல்வது, ஜனநாயகக் கட்சி அயோவாவில் 2020 வரை நடத்திய காக்கஸ் என்னும் கூட்டம். மாலை ஏழு மணிக்குள் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ வரிசையில் நின்றிருக்க வேண்டும். பிறகு வந்தவருக்கு இடமில்லை. வந்தவர்களை எண்ணிய பின், வேட்பாளருக்கு ஒரு மூலை என்று ஆதரவாளர்கள் பிரிந்து நிற்பார்கள். பெரும்பாலான வட்டாரங்களில், வந்தவர்களில் 15 சதவீதம் சேராத அணி கலைய வேண்டும். நூறு பேர் வந்த இடத்தில் 14 பேர் நின்றால், அவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், இன்னொரு சிறு அணியிலிருந்து ஆள் சேர்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

இதில் ஒரு நல்லது இருக்கிறது. உன் முதல் ஆள் தேறவில்லை என்றால் உன் குரல் வீணாவதில்லை, இரண்டாவது ஆளுக்குப் போகிறது. பிரைமரியில் இது கிடையாது. 2020 மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் பிரைமரி வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் ஜனநாயகக் கட்சியில் போட்டியிட்ட புட்டிஜெஜும் குளோபுசாரும் விலகிவிட்டார்கள். கலிபோர்னியாவில் அவர்களுக்கு முன்கூட்டியே தபாலில் வாக்களித்தவர்களால் அதை மாற்ற முடியவில்லை. நீ சொன்னதில் நான் ஒப்புக்கொள்ளும் பாதி இதுதான்.

இனி கணக்குக்கு வா. வேட்பாளருக்காகக் கட்சியின் அடுத்தகட்ட மாநாட்டுக்குப் போகிறவர்கள்தான் பிரதிநிதிகள். அணியின் தலையெண்ணிக்கையை, அந்த வட்டாரத்துக்கு ஒதுக்கிய பிரதிநிதிகளின் எண்ணால் பெருக்கி, வந்தவர்களின் மொத்தத்தால் வகுப்பார்கள். நூறு பேர், ஐந்து பிரதிநிதிகள், இரண்டே அணிகள் என்று வைத்துக்கொள். 51 பேர் உள்ள அணிக்கு 2.55 வரும், அதை 3 ஆக்குவார்கள். 49 பேர் உள்ள அணிக்கு 2.45, அது 2 ஆகிவிடும். இரண்டே இரண்டு பேர் வித்தியாசத்தில் ஒரு முழுப் பிரதிநிதி கைமாறுகிறார். அதைவிடப் பெரிய கோணல் இன்னொன்று. ஒரு வட்டாரத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பது முந்தைய தேர்தல்களில் அங்கே கட்சிக்கு விழுந்த வாக்குகளை வைத்து முன்பே முடிவாகிவிடும். அன்று நூறு பேர் வந்தாலும் முந்நூறு பேர் வந்தாலும் அது மாறாது. அதனால் கூட்டம் பொங்கி வழியும் கல்லூரி ஊரில் ஒரு ஆளின் எடை குறையும், ஆட்கள் குறைவாக வரும் கிராமத்தில் கூடும்.

2020இல் நடந்தது இதுதான். முதல் சுற்றுத் தலையெண்ணிக்கையில் இன்னொரு வேட்பாளரான சாண்டர்ஸ் புட்டிஜெஜைவிட ஏறத்தாழ ஆறாயிரம் பேர் முன்னிலையில் இருந்தார், அணி மாறிய பிறகும் அவர்தான் முன்னிலை. ஆனால் வேட்பாளரை அறிவிக்கும் தேசிய மாநாட்டுக்கு ஒதுக்கிய பிரதிநிதிகள் புட்டிஜெஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12. முடிவுகளை அனுப்பத் தந்த செல்போன் செயலி அன்றிரவு பழுதானதைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அது சின்ன விஷயம். செயலி ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் இந்தக் கோணல் அப்படியேதான் இருந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அந்தக் கதவு. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், பேருந்து ஓட்டுநர், கைக்குழந்தைக்காரி, பனியில் நடக்க முடியாத பெரியவர், இவர்கள் எப்படி ஏழு மணிக்கு வந்து இரண்டு மணி நேரம் நிற்பார்கள்? வந்தாலும் முதலாளியும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்க, யார் பக்கம் என்று காட்டியாக வேண்டும். ரகசிய வாக்கு எதற்காக வந்ததோ, அதையே இந்த மூலைகள் பறித்துவிடுகின்றன.

வராதவர்கள் வந்தால் முடிவு மாறுமா என்று நீ கேட்பாய். 2016இல் நெப்ராஸ்காவும் வாஷிங்டன் மாநிலமும் இரண்டையுமே நடத்தின. நெப்ராஸ்கா காக்கஸில் சுமார் 33,000 பேர். சாண்டர்ஸுக்கு 57 சதவீதம். மே மாத பிரைமரியில் சுமார் 80,000 பேர், அவரை எதிர்த்த ஹிலாரி கிளிண்டனுக்கு 53 சதவீதம். வாஷிங்டன் காக்கஸில் சுமார் 2.3 லட்சம் பேர், சாண்டர்ஸுக்கு 73 சதவீதம். வீட்டுக்கே தபாலில் வாக்குச்சீட்டு வந்த பிரைமரியில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் வாக்களித்தார்கள், அதில் கிளிண்டன் ஜெயித்தார். ஆனால் பிரதிநிதிகளைப் பங்கிட்டது காக்கஸை வைத்து மட்டும்: வாஷிங்டனில் சாண்டர்ஸுக்கு 74, கிளிண்டனுக்கு 27. இரண்டு வாக்களிப்புக்கும் நடுவே போட்டியின் நிலவரம் மாறியிருந்தது, பிரைமரி கணக்கில் சேராது என்பதும் அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி அடைபடாது. 2020இல் இரு மாநிலங்களிலும் பிரைமரியே கணக்கில் சேர்ந்தது.

பிரைமரியிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. நியூயார்க்கில் 2016 ஏப்ரலில் வாக்களிக்க, வேறு கட்சியில் பதிந்திருந்தவர் முந்தைய அக்டோபருக்குள் கட்சி மாறியிருக்க வேண்டும். ஆறு மாதம் முன்னால் வேட்பாளர்களையே பலருக்குத் தெரியாது! குடியரசுக் கட்சியில், அதே ஆண்டு தென் கரோலினாவில் டிரம்ப் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்கு வாங்கி 50 பிரதிநிதிகளையும் அள்ளினார். ஆனால் இவை பேனாவால் திருத்தக்கூடிய விதிகள். கெடுவைத் தள்ளலாம், வாக்குக்கு ஏற்பப் பிரதிநிதிகளைப் பங்கிடும் விகிதாசாரம் கொண்டுவரலாம்.

நீ விரும்பும் இரண்டாவது தேர்வையும் சீட்டிலேயே வைக்கலாம். 2020இல் அலாஸ்கா, வயோமிங், கன்சாஸ், ஹவாய் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி அப்படிச் செய்தது. விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று குறித்துத் தபாலில் அனுப்பினார்கள். கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி, மிஞ்சியவர் எல்லோரும் 15 சதவீதம் தாண்டும்வரை எண்ணினார்கள். மூலைக்கு மூலை நகர்வது போலவேதான், ஆனால் செவிலியர் பணியை விட்டு வர வேண்டியதில்லை.

பேசிப் பார்த்து முடிவெடுக்கும் அழகு போய்விடும் என்பாய். பேச்சுக் கூட்டத்தை முந்தைய வாரம் வைத்துக்கொள்ளட்டும். வாக்கை அதோடு ஏன் கட்ட வேண்டும்? இதற்கு உன் பதிலை எழுது.

அன்புடன்,
சண்முகம்