ராகு காலத்துக்குப் பக்கத்தில் கடல் ஏறும் நேரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்துவர மும்பைப் பக்கம் ஒரு கடற்கரை சொல்லுங்கள் என்று தாராவியில் என்னிடம் யார் கேட்டாலும் கேள்வே என்றுதான் சொல்வேன். ஜுஹுவில் அலையைப் பார்ப்பதற்குள் ஆயிரம் தலையைப் பார்த்துவிடுகிறோம். கேள்வே அப்படியில்லை. தாதரில் ரயில் ஏறி, விராரில் டஹாணு வண்டிக்கு மாறி, கேள்வே ரோடு நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து பகிர்வு ஆட்டோ.

இறங்கியதும் முதலில் தெரிவது கடல் அல்ல, சவுக்குத் தோப்பு. மராத்தியில் சுரு என்கிறார்கள். எனக்குச் சொந்த ஊர் திருச்செந்தூருக்குப் பக்கம். இருபது வருடமாகக் காதில் விழாத அந்தச் சவுக்குக் காற்றின் இரைச்சலைக் கேட்டதும், கூட வந்த என் அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) போர்வையை விரித்து, "நான் இனி இங்கேயிருந்து எழும்ப மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். தோப்பு ஓரத்தில் தாட்கோலா விற்றார்கள். நம் நுங்குதான். பால்கர் மாவட்டத்தில் பனை நிறைய உண்டு என்று தெரியாமலே இத்தனை வருடம் மும்பையில் இருந்திருக்கிறோம். அத்தை ஆறு சுளை தின்றார். அருகில் சீதளாதேவி கோயிலும் இருக்கிறது, கும்பிட்டோம்.

இவ்வளவு நல்ல இடத்தில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனது போன மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல், கூப்பிட்டால் காது கேட்காத தூரத்தில் கிடந்தது. நடுவில் எல்லாம் ஈர மணல். பேத்தியும் என் தங்கை மகனும் சிப்பி பொறுக்கிக்கொண்டே போனார்கள். தண்ணீர் கணுக்கால்கூட இல்லை, அலையும் இல்லை. கடலோரத்தில் பிறந்தவள் நான், எனக்கே பயம் தோன்றவில்லை. பத்து மணி இருக்கும். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கோலி மீனவ அம்மா எழுந்து நின்று, "பர்த்தி யேத்தே, பரத் யா!" (கடல் ஏறுகிறது, திரும்பி வாருங்கள்!) என்று மராத்தியில் கத்தினார். பிள்ளைகளுக்கு முன்னால் இருந்த கடல் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவர்களுக்கும் கரைக்கும் நடுவில், பள்ளமாகக் கிடந்த மணல் ஓடையில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் நின்ற மேடு தீவாகிவிட்டது. நானும் என் கணவரும் ஓடிப்போய்த் தூக்கி வரும்போது எனக்கு முழங்கால் வரை, பேத்தியாக இருந்தால் இடுப்புக்கு மேல். இன்னும் கால் மணி நேரம் கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத என் கை வரவில்லை.

நம் தென்கரையில் கடல் ஏறி வற்றும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். நாம் அலைக்குப் பயப்படப் பழகியவர்கள். மும்பைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த வித்தியாசம் மூன்றரை மீட்டருக்கு மேல், சில நாட்களில் நான்கையும் தாண்டும். அரபிக்கடலில் வடக்கே போகப் போக அது கூடுகிறது. காம்பே வளைகுடாவில் பாவ்நகர் பக்கம் பத்து மீட்டர் வரை வரும். கரை சரிவாக இல்லாமல் தட்டையாகக் கிடப்பதால் கேள்வேயில் தண்ணீர் மேலே ஏறுவதைவிடப் பக்கவாட்டில் வேகமாகப் பரவுகிறது. வற்றிய கடல் நிறைய ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அதில் நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் வந்து சேர்கிறது. நாங்கள் மாட்டிக்கொண்டது சரியாக அந்த நேரம்.

தாராவியில் எங்களுக்கு 'ஹை டைட்' என்ற சொல் புதிதல்ல. மழைக்காலத்தில் கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கிறது. அன்றைக்குக் கனமழையும் சேர்ந்துகொண்டால் சாக்கடைத் தண்ணீர் கடலில் இறங்காமல் வீட்டுக்குள் வரும் என்று குழந்தைக்கும் தெரியும். அதே ஏற்றம் வெயில் காலத்திலும் தினம் இரண்டு முறை வருகிறது, பிள்ளைகள் விளையாடும் மணலுக்கும் வருகிறது என்பதை மட்டும் நாங்கள் யோசித்ததில்லை.

தங்கள் மும்பைப் பதிப்பில் தினமும் திதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் வருகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: இன்று கடல் நிறையும் நேரம், வற்றும் நேரம். இதுதான் என் வேண்டுகோள். திதிக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியில் மும்பைக் கடல் நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் நிறைகிறது, காலை மாலை ஆறு ஏழு மணிவாக்கில் வற்றுகிறது. அடுத்தடுத்த நாளில் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அஷ்டமி, நவமி வாக்கில் நேர்மாறாக நண்பகலில் வற்றல். ஏறும் அளவும் பாதிக்குக் குறைவு. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் அஷ்டமியும் நவமியும்தான் சின்னப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகத் தோதான நாட்கள்! வீட்டுக்கு வந்தபின் நாள்காட்டியையும் கடல் ஏற்ற அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் போயிருப்போம், கடல் எங்களைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

கடற்கரை நுழைவாயிலிலும் அன்றன்றைய நேரத்தை மராத்தியிலும் இந்தியிலும் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்தால் போதும், பெரிய செலவில்லை. நாங்கள் உள்ளே போன வழியில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. பொறுப்பில் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து செய்யுங்கள். எங்களுக்கு அந்த மீனவ அம்மா இருந்தார். அவர் தினமும் அங்கே வலை உலர்த்திக்கொண்டு நிற்க முடியாது.

அடுத்த அஷ்டமியை ஒட்டி வரும் விடுமுறை நாளில் மறுபடி போகிறோம். அத்தை இப்போதே போர்வையைத் துவைத்து வைத்துவிட்டார். அதற்குள் அந்த ஒரு வரி தங்கள் நாளிதழில் வந்தால் வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தாராவி, மும்பை.