இளவரசன் சொல்லும் தீர்ப்பு

அன்புள்ள நிலா,

நீ அனுப்பிய கொரிய வெப்டூனை, அந்த இணையச் சித்திரக் கதையை, விட்ட இடத்திலிருந்து கடைசி அத்தியாயம் வரை படித்துவிட்டேன். ஓவியங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருக்கின்றன. அரண்மனைக் கூரைகள், ஹன்போக் உடையின் நிறங்கள், நாயகியும் இளவரசனும் பேசாமல் நிற்கும் அந்தப் பனிக்காட்சி எல்லாமே எனக்குப் பிடித்தன. காதல் கதை படிக்கிற வயதா உனக்கு என்று என்னிடம் யாரும் கேட்க முடியாது. ஆனால் ஒரு காட்சி மட்டும் மனதில் முள்ளாகத் தைத்து நிற்கிறது.

நாயகியின் மேல் சுடுநீர் கொட்டிய பணிப்பெண்ணை இளவரசன் முற்றத்துக்கு இழுத்து வரச் சொல்கிறானே, அந்தக் காட்சி. யார் ஏவி அவள் அதைச் செய்தாள் என்றுகூட அவன் கேட்கவில்லை. அடி விழுகிறது. மூன்று கட்டங்களில் அவள் கதை முடிந்துவிடுகிறது. அவளுக்குப் பெயர் இல்லை, ஓவியர் முகமும் வரையவில்லை. அடுத்த கட்டத்தில் அவன் நாயகியின் கையைப் பற்றுகிறான், பின்னால் பூ உதிர்கிறது. "இப்படிக் கேட்க ஒருத்தன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், இந்தக் காலத்துச் சட்டமெல்லாம் சும்மா" என்று நீ எழுதியிருந்தாய்.

இந்த வகைக் கதைகளில் காதலின் அளவைக் காட்டுவதற்குத் தண்டனையைப் பயன்படுத்துகிறார்கள். அவன் எவ்வளவு கொடூரமாகப் பழிவாங்குகிறானோ அவ்வளவு ஆழமாக நேசிக்கிறான் என்று நாமும் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்குக்குச் சட்டம் இடைஞ்சல். அதனால்தான் ஜோசன் என்ற பழைய கொரிய அரசின் காலத்து உடை, கூரை, தொப்பி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வரைகிறவர்கள் சட்டத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

ஜோசனில் எழுதிவைத்த சட்டம் இருந்தது. 1485இல் நடைமுறைக்கு வந்த பெருஞ்சட்டத் தொகுப்பும், சீனத்து மிங் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்ட குற்றவியல் விதிகளும்தான் அடிப்படை. தண்டனைகள் ஐந்து வகை. மெல்லிய பிரம்பால் 10 முதல் 50 அடி, கனத்த பிரம்பால் 60 முதல் 100 அடி, கட்டாய வேலை, நாடுகடத்தல் (நாட்டுக்குள்ளேயே தூரத்து ஊருக்கு), மரணம். ஓர் ஊரின் அதிகாரி தன் பொறுப்பில் 50 அடி வரைதான் கொடுக்கலாம். மாகாண ஆளுநர் நாடுகடத்தல் வரை போகலாம். உயிரை எடுக்கும் தீர்ப்பு அரசரிடம் போயாக வேண்டும். காமிக்ஸில் எந்த ஊர் அதிகாரியும் யாரையும் துடுப்புப் போன்ற பெரிய தடியால் அடிக்கச் சொல்கிறானே, அந்தத் தடி இந்த ஐந்தில் சேராதது. படைத்துறைக் குற்றம், கொள்ளை போன்றவற்றுக்காகப் பிற்காலத்தில் வந்தது.

விசாரணையில் அடித்து உண்மையைக் கறப்பதும் சட்டப்படியே நடந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் எல்லை வைத்திருந்தார்கள். ஒரு தடவைக்கு 30 அடிக்கு மேல் கூடாது, மூன்று நாளுக்குள் மறுபடி அடிக்கக் கூடாது. சந்தேகச் சாவு என்றால் ஓர் அதிகாரி உடலைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும், பிறகு வேறோர் அதிகாரி வந்து தனியாகப் பார்த்து எழுத வேண்டும். 1421இல் செஜோங் அரசர் மரண தண்டனை வழக்குகளை மூன்று முறை ஆராய்ந்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்ற முறையை உறுதியாக்கினார். போன உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது அறுநூறு வருடத்துக்கு முன்னால் ஓர் அரசருக்கு உறைத்திருக்கிறது. நம் இளவரசனுக்கு மூன்று கட்டம் போதுமாக இருக்கிறது.

இந்த எல்லைகளைப் பல அதிகாரிகள் மீறினார்கள் என்பதும் உண்மை. ஜங் யாக்-யோங் என்ற அறிஞர் 18 வருடம் நாடுகடத்தப்பட்டுக் கிடந்தவர். திரும்பி வந்தபின், கொலை வழக்குகளை எப்படிக் கவனமாக ஆராய வேண்டும் என்று அதிகாரிகளுக்காகவே ஒரு பெரிய நூல் எழுதி 1822இல் முடித்தார். உயிர் சம்பந்தப்பட்ட வழக்குகளை அதிகாரிகள் அலட்சியமாகக் கையாண்டதைப் பார்த்த வேதனைதான் அவரை எழுத வைத்தது.

சரி, சட்டம் இருந்ததே, அது நல்ல நாடுதானே என்று கேட்டால் அதுவும் இல்லை. அந்தப் பணிப்பெண் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவள் என்று வைத்துக்கொள். எஜமான் அவளை என்ன செய்தாலும் அவள் போய்ப் புகார் கொடுக்க முடியாது. அரசத் துரோகம் தவிர வேறு எதற்காகவும் அடிமை தன் எஜமான்மேல் புகார் சொன்னால் அவளுக்குத்தான் கழுத்தை நெரித்து மரணம். இதுவும் அதே 1485 சட்டத் தொகுப்பில் இருக்கிறது. வாயைத் திறந்தால் சாவு என்று சட்டமே சொன்ன பிறகு, அவள் முகத்தை வரையாமல் விட்டதில் என்ன ஆச்சரியம்!

நாயகி பெரிய வீட்டுப் பெண், அப்பா சதியில் சிக்கியதால் ஒரே நாளில் அடிமையாகிவிட்டாள் என்று எத்தனை கதைகள் ஆரம்பிக்கின்றன, நீயே எண்ணிப் பார். அதைக் கதாசிரியர்கள் கற்பனையாகச் செய்யவில்லை. துரோகக் குற்றம் என்றால் குற்றவாளியோடு நிற்காது. தந்தைக்கும் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள மகன்களுக்கும் மரணம், 15 வயதும் அதற்குக் கீழும் உள்ள பையன்கள், தாய், மனைவி, மகள்கள் அடிமைகள், சொத்து பறிமுதல். 1456இல் செஜோ அரசர், பதவி இழந்த தன் அண்ணன் மகனை மறுபடி அரியணையில் ஏற்ற முயன்றவர்களைக் கொன்றுவிட்டு, அவர்கள் வீட்டுப் பெண்களைத் தன் பக்கம் நின்ற அமைச்சர்களுக்கே அடிமைகளாகப் பங்குபோட்டுக் கொடுத்தார். கணவனைக் கொல்லத் துணைநின்றவன் வீட்டிலேயே மனைவி வேலை செய்ய வேண்டும். வெப்டூனில் அந்த வீட்டு மகன் அழகாக இருப்பான், அவளை நேசிப்பான். நிஜத்தில் அந்தப் பெண்களுக்கு யார் இருந்தார்கள்?

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது ஜாங் ஹுய்-பின் கதையை. மொழிபெயர்ப்பாளர் குடும்பத்தில் பிறந்து, அரண்மனைப் பணிப்பெண்ணாகப் போய், சுக்ஜோங் அரசரின் மனதைப் பிடித்தவள். அவளுக்காகவே அவர் 1689இல் தன் பட்டத்து ராணியை நீக்கினார். எதிர்த்துப் பேசிய அமைச்சர்களை வதைத்தார். கதையாக வரைந்தால் இந்த இடத்தில் நாம் எல்லோரும் உருகியிருப்போம், ஒரு பெண்ணுக்காக அரசவையையே எதிர்த்து நின்றவர் அல்லவா! அப்புறம் 1694இல் மனம் மாறினார். பழைய ராணி திரும்பி வந்தாள், இவள் கீழே இறக்கப்பட்டாள். 1701இல் ராணி இறந்தபோது, சூனியம் வைத்தாள் என்று இவள்மேல் பழி. பணிப்பெண்களையும் சூனியக்காரிகளையும் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள், பிறகு கொன்றார்கள். அண்ணனும் கொல்லப்பட்டான். அவளும் அதே அரசரின் ஆணைப்படிதான் செத்தாள். அவளுடைய பிள்ளைதான் அப்போது பட்டத்து இளவரசன்.

நிலா, உனக்காக யாரை வேண்டுமானாலும் விசாரணையின்றி அழிக்கக்கூடிய ஒருவன், உன்னையும் விசாரணையின்றி அழிக்கக்கூடியவன்தான். இரண்டுக்கும் ஒரே அதிகாரம். அவன் மனம் மாறும்வரைதான் நீ நாயகி.

சுக்ஜோங்கின் இன்னொரு மகன் யோங்ஜோ. பதவிக்கு வந்த மறுவருடம், 1725இல், முழங்கால்களை நசுக்கும் சித்திரவதையை ஒழித்தார். 1733இல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதை ஒழித்தார். இவ்வளவு செய்தவர் 1762இல் தன் சொந்த மகன் சாடோ இளவரசனை ஓர் அரிசிப் பெட்டிக்குள் அடைத்துவைத்துக் கொன்றார். உயிர் போக எட்டு நாள் ஆனது. முறைப்படி துரோகக் குற்றம் சுமத்தியிருந்தால் பேரனும் அந்தக் குற்றத்துக்குள் வந்திருப்பான், அதைத் தவிர்க்கத்தான் சட்டத்துக்கு வெளியே இப்படிச் செய்தார் என்பது பலரும் தரும் விளக்கம். எப்படிப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை. சட்டத்தை இளக்கிய கையும் அதுதான், மகன்மேல் மூடியைச் சாத்திய கையும் அதுதான்.

உன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கே தென்கொரியாவில் உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணை மேலதிகாரி எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவதும், புகார் கொடுத்து இத்தனை நாளாகியும் ஒன்றும் நடக்காததும் கேட்கும்போது எனக்கும் வயிறு எரிகிறது. ஒரு ராத்திரியில் முடித்துவைக்கும் இளவரசன் அப்போது நினைவுக்கு வரத்தான் செய்வான்.

ஆனால் அவள் இன்று எந்த இடத்தில் நிற்கிறாள் என்று பார். 2019 ஜூலையிலிருந்து வேலையிடத்தில் துன்புறுத்துவதைத் தடுக்கும் விதி தென்கொரியத் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. புகார் வந்தால் நிறுவனம் விசாரித்தே ஆக வேண்டும். புகார் கொடுத்ததற்காக அவளை வேலையைவிட்டு நீக்கினாலோ வேறு விதத்தில் பழிவாங்கினாலோ மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 3 கோடி வொன் வரை அபராதம். எஜமான்மேல் புகார் சொன்னவளின் கழுத்தை நெரித்த மண்ணில், புகார் சொன்னவளைத் தொட்டால் எஜமானுக்குச் சிறை என்று எழுதியிருக்கிறார்கள். மெதுவாக நகர்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எழுதியது எல்லாம் நடந்துவிடாது என்பதும் தெரியும். இருந்தாலும் எனக்கு இந்தச் சட்டம்தான் வேண்டும். நடந்ததைத் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல். குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம் என்று சொல். நிறுவனம் அசையாவிட்டால் தொழிலாளர் அலுவலகத்துக்கு நீயும் கூடப் போ.

வேகமான நீதி எப்படி இருக்கும் என்பதை அந்த நாடு பார்த்துவிட்டது, அதுவும் அரசர் காலத்தில் இல்லை. 1975 ஏப்ரல் 8 அன்று எட்டுப் பேரின் மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மறுநாள் விடிவதற்குள், 18 மணி நேரத்தில், தூக்கிலிடத் தொடங்கிவிட்டார்கள். ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த பக் சுங்-ஹீயின் காலம். சித்திரவதை செய்து ஜோடித்த வழக்கு. 2007இல் மறுவிசாரணை நடத்தி அந்த எட்டுப் பேரும் குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் சொன்னது. 32 வருடம் கழித்து யாரிடம் சொல்வது? செஜோங்கின் மூன்று ஆய்வில் ஒன்றாவது அன்றைக்கு இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. 1987 ஜனவரியில் பக் ஜோங்-சொல் என்ற மாணவன் காவல்துறை விசாரணையில் நீரில் அமுக்கப்பட்டுச் செத்ததும், அதிலிருந்து அந்த வருடம் மக்கள் தெருவுக்கு வந்ததும் உனக்கே தெரிந்திருக்கும்.

குடும்பத்தையே தண்டிக்கும் முறையும் லேசில் போகவில்லை. 1894 சீர்திருத்தத்தில் காகிதத்தில் ஒழித்தார்கள். அப்புறமும், வடகொரியாவுக்குப் போனவர்களின் சொந்தக்காரர்கள் என்று சொல்லிப் பலருக்கு அரசு வேலையை மறுத்துக்கொண்டிருந்தார்கள். 1980இல் அரசியலமைப்பிலேயே எழுத வேண்டியிருந்தது. இன்றைய அரசியலமைப்பின் 13ஆம் பிரிவில் இருக்கிறது: உறவினர் செய்த செயலுக்காக எந்தக் குடிமகனும் பாதிக்கப்படக் கூடாது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் 1456இன் பெண்கள் வரிசையாக நிற்பதாகவே எனக்குத் தோன்றும்.

மரண தண்டனை அங்கே சட்டத்தில் இன்னும் இருக்கிறது. 1997 டிசம்பர் 30 அன்று 23 பேரைத் தூக்கிலிட்டதுதான் கடைசி. நான் அதற்கு எதிரானவள் என்பது உனக்குத் தெரியும். உன் கருத்து என்னவென்று நீ இதுவரை சொன்னதே இல்லை.

கதைகளைப் படிக்காதே என்று சொல்ல மாட்டேன், நானும் படிக்கத்தான் போகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதேமுன் சிறை அருங்காட்சியகத்துக்குப் போய்வா. மூன்றாம் வழித்தடத்தில் தொங்னிம்முன் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது. திங்கட்கிழமை மூடியிருக்கும். 1975இல் அந்த எட்டுப் பேரைத் தூக்கிலிட்ட இடம் அதுதான். பார்த்துவிட்டு, மரண தண்டனை பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது. என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை, காரணத்தோடு எழுது.

அன்புடன்,
அம்மா